சிங்கிள் ஓனர்

ஏழு பேர் உட்காரலாம். நாங்கள் நாலே பேர்.
மிச்ச மூன்று இடத்துக்கு
அரிசி மூட்டை, கிறிஸ்துமஸ் விருந்தாளி என்று
கணக்குச் சொல்லித்தான்
இம்மானுவேல் என்னைக் கையெழுத்துப் போட வைத்தார்.
ஐந்தே முக்கால் லட்சம். டீசல். வெள்ளி நிறம்.

சிங்கிள் ஓனர் மேடம், என்றார் ஹெப்பார்,
விஜயநகர் வீட்டு கேட்டைப் பாதி திறந்தபடி.
அறுபத்திரண்டாயிரம்தான் ஓடியிருக்கு.
ஆபீஸ், வீடு, வருஷத்துக்கு ஒரு தர்மஸ்தலா.

லிங்கராஜபுரத்தில் நயாஸ் பாய்
மீட்டரைப் பார்க்கவேயில்லை.
குனிந்து கிளட்ச் பெடலைக் கட்டைவிரலால் தடவினார்.
ரப்பரில் ஒரு வரி மிச்சமில்லை.
மீட்டர் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும் மேடம்,
பெடலுக்குப் பொய் தெரியாது.
ஒன்றேகால் லட்சம். குறைஞ்சது.

அன்று தொடங்கி ஹெப்பாருக்காக
வாய் நிறைய வார்த்தை சேர்த்துவைத்தேன்.
இன்ஜெக்டருக்குப் பதினெட்டாயிரம் எண்ணியபோது கொஞ்சம்,
ஏசியைப் போட்டால் ஈரச் சாக்கு நாறியபோது கொஞ்சம்,
பின் கதவு உள்ளிருந்து திறக்காமல்
ஜெரின் ஜன்னல் வழியே இறங்கியபோது
தமிழ் போதாமல் கன்னடத்திலும் கொஞ்சம்.

நடுவழியில் விட்டதில்லை, அதையும் சொல்ல வேண்டும்.
ஈஸ்டருக்கு நாகர்கோவில் போய்த் திரும்பினோம்.
தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே
மூச்சுக் காட்டாமல் இறங்கியது.
மூன்றாம் வரிசையில், இருக்கை முதுகில்,
யாரோ ஒரு குழந்தை பால்பாயிண்டில் வரைந்த மீன்.
ஷெபா அதற்குத் துணையாக இன்னொன்று வரைந்திருந்தாள்.
திட்ட வாயெடுத்து விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட், டின் ஃபேக்டரி, ஏழரை மணி மழை.
என் போன் நாலு மணிக்கே செத்திருந்தது.
பாலத்தடியில் ஒதுங்கிய பைக்குகள்
எங்கள் கண்ணாடியை உரசி நின்றன.
வைப்பர் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது,
இரண்டு கீச், ஒரு டொக்,
இரண்டு கீச், ஒரு டொக்.

திரை தானாக ஒளிர்ந்தது.
ஹெப்பார் போன், இணைக்கப்பட்டது.

என்னவென்று நான் யோசிப்பதற்குள் மணி அடித்தது.
ஷெபா பச்சையை அமுக்கிவிட்டாள்.

அப்பா, எல்லித்தீரா?

ஒரு சிறுமி. நாலு ஸ்பீக்கரிலும்.
நாங்கள் யாரும் பேசவில்லை.
வெளியே, இடதுபுறம், இரண்டு பைக் தள்ளி
நீல மழைக்கோட்டில் ஒருவர்
போனைக் காதில் அழுத்தி ஹலோ ஹலோ என்கிறார்.
அவர் காதுக்குப் போகவேண்டியது
எங்கள் மடியில் விழுந்துகொண்டிருக்கிறது.

இரண்டு கீச், ஒரு டொக்.

அந்தப் பக்கம் குரல் நின்றது.
கேட்டுக்கொண்டிருக்கிறாள்.
பிறகு, மூச்சு முட்டும் சந்தோஷத்தில்,
அப்பா! கார் வாபஸ் பந்தா?

சேர்த்துவைத்த வார்த்தை அத்தனையும் கையில் இருந்தது.
கண்ணாடியை இறக்கினால் போதும்,
கூப்பிடு தூரம்கூட இல்லை.
ஹெப்பார் போனைப் பார்த்தார், ஈரத்தைத் தொடையில் துடைத்தார்,
தலை நிமிர்ந்து
வரிசை வரிசையாக வண்டிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.
எங்கள் நம்பருக்கு வருமுன்
நான் முதல் கியரைப் போட்டேன்.
போட்டு என்ன, முன்னால் பேருந்து நகரவில்லை.
ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாரும்மா அது, என்றான் ஜெரின்.
ராங் நம்பர், என்றேன்.

அடுத்த சனிக்கிழமை ஆயில் மாற்றப் போனபோது
நயாஸ் பாய் கேட்டார்,
இந்த வைப்பரையும் மாத்திடலாமா மேடம்,
நானூற்றைம்பது ரூபாய்தான்,
ரொம்பக் கத்துது.

மாத்திடுங்க என்றேன்.
மழையில் ரோடு தெரிய வேண்டுமே.

அதற்கடுத்த மழைக்கு
வண்டி வாயே திறக்கவில்லை.